காலண்டருக்குப் பின்னால் ஒரு வாசல்

2 ஆகஸ்ட் 2011, செவ்வாய்

காலையில் அரை மணி நேரம் மழை. பிரஷர் குளிசை எடுத்தேன். எடுத்தேனா என்ற சந்தேகத்தில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். எடுத்திருக்கிறேன்.

பத்தரைக்குக் கலகெதரயிலிருந்து மகள் இராஜகுமாரி போன் பண்ணினாள். ஐந்து மாதமாம். இத்தனை நாளும் எங்களிடம் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, தெரியும். மனைவி பாப்பம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், நடுவில் போய் அடுப்பிலிருந்த பருப்பை இறக்கிவிட்டு வந்து மறுபடி அழுதாள். கடைசியில் என்னிடம் தந்தாள்.

"அப்பா, ஏழு மாசம் முடிஞ்சதும் அங்க வந்து இருன்னு அவரு சொல்றாரு. ஆஸ்பத்திரி கிட்டத்துல இருக்குல்ல."

"வாம்மா. ஒன் வீடுதானே."

"கக்கூசு இன்னும் வெளியிலதானே இருக்கு?"

நான் தொண்டையைச் செருமினேன்.

"உள்ளுக்கு ஒண்ணு இருந்தா வர்றேன்பா. இல்லேன்னா இங்கயே இருந்துக்கிறேன். மாமி பாத்துக்குவாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

3 ஆகஸ்ட், புதன்

உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

மஹய்யாவையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் பதினான்கு படி இறங்கினால் கக்கூஸ். 2005 நவம்பரில் குமாரி நான்கு மாதக் கர்ப்பிணியாக இங்கே வந்திருந்தாள். மழையில் அந்தப் படியில் சறுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. விழுந்ததால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதை நாங்கள் யாரும் நம்பவில்லை. நம்பினால் குற்றவாளி இல்லாமல் போய்விடுவானே.

குற்றவாளி நான். தேயிலைத் தொழிற்சாலை யந்திரம் செய்யும் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் படம் கீறினேன். நான் கீறிய யந்திரங்கள் ஹந்தானை மலையில் இன்னும் சுழல்கின்றன. என் வீட்டுக் கக்கூஸ் மட்டும் 1989 முதல் காகிதத்தில் இருக்கிறது. பதினொரு வரைபடம். ஒவ்வொன்றிலும் ஒரு பிழை கண்டுபிடித்துச் சுருட்டி வைத்தேன். பிழை இல்லாத ஒன்பதாவதை, பிழை இல்லாதிருக்காது என்று சுருட்டினேன்.

இப்போது பன்னிரண்டாவது. நடு அறைக்கும் பின்னாலுள்ள சாமான் அறைக்கும் இடையில் ஒரு சுவர். சாமான் அறையைக் குளியலறை ஆக்கி, அந்தச் சுவரில் ஒரு வாசல் வெட்டினால் போதும்.

5 ஆகஸ்ட், வெள்ளி

வெட்டக்கூடாதாம்.

பாப்பம்மா சொன்னாள்: "மாசமா இருக்கறவ வீட்டுல செவர இடிக்கக்கூடாது. வாசக்கால் வைக்கக்கூடாது. மண்ணு வெட்டக்கூடாது. ஆணி கூட அடிக்கக்கூடாது."

"அவ வீடு கலகெதரயில. இது என் வீடு."

"பெத்து எடுக்க வர்ற வீடு எது?"

சட்டப் புத்தகத்தில்தான் இதற்குப் பதில் தேட வேண்டும்.

அடுத்த வீட்டு நல்லம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும் அந்தத் தலை வரும். "அண்ணே, போன தடவ என்னா நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா? நடு ரூம்பு செவத்துல டொக்கு டொக்குன்னு ஆணி அடிச்சீங்களே. என் காதுல விழுந்துச்சே!"

உண்மை. குமாரி விழுவதற்குப் பத்து நாள் முன்பு, காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தேன். ஒன்றரை அங்குலம். பாப்பம்மா அதைப் பற்றி ஆறு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது இன்னும் மோசம். வருஷா வருஷம் காலண்டர் மாறுகிறது. ஆணி அப்படியே இருக்கிறது.

7 ஆகஸ்ட், ஞாயிறு

கோயில் ஐயரிடம் கேட்கப் போனேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கட்டட வேலை கூடவே கூடாது என்றார். அவருடைய சம்சாரம் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தார். அவருக்கு எப்படியும் எட்டு மாதம் இருக்கும். அவர்கள் குடியிருக்கும் அறையை ஒட்டிய கோயில் சுவரை இரண்டு பேர் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் ஐயர் தோஷத்தின் பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுபத்தொரு வயது. இன்னும் இப்படித்தான்.

15 ஆகஸ்ட், திங்கள்

பெரஹரா ஊர்வலம் முடிந்து தெருக்கள் திறந்துவிட்டன. மேசன் பாஸ் பாயிஸ் வந்தார். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். திருத்தினேன்.

"ராஜலிங்கம் ஐயா, பன்னெண்டு பிளேன் கீறி ஈக்கிறீங்க. எனக்கு ஒண்டு போதும்."

விதிகளைச் சொன்னேன். இடிக்கக்கூடாது, வெட்டக்கூடாது, ஆணி கூடாது. பாயிஸ் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கட ஊட்டுக்காரி ரபீகாவுக்குப் புள்ள வயித்துல ஈக்கக்கொள்ள நான் கூரையே கழட்டினேன். புள்ள இப்ப ஓஎல் சோதனைக்குப் படிக்கிது. கணக்கு மட்டும் வருதில்ல. அதுக்கும் கூரைக்கும் சம்பந்தம் ஈக்கோ என்னமோ."

கடைசியில் ஒரு வழி கண்டோம். சாமான் அறையில் பழைய காற்றுத் துவாரம் ஒன்று உண்டு. அதன் வழியாகக் குழாயை வெளியே எடுத்து, சரிவோடு இறக்கிப் பழைய குழியில் சேர்க்கலாம். மண் வெட்ட வேண்டாம். ஆணிக்குப் பதில் கம்பியால் கட்டலாம். பாப்பம்மா ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள்.

வாசலைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

1 செப்டம்பர், வியாழன்

குளியலறை முடிந்தது. வெள்ளை கொமட், தரையில் வழுக்காத ஓடு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அருமையான வேலை. ஒரே குறை, வீட்டுக்குள்ளிருந்து அதற்குப் போக முடியாது. சாமான் அறைக்கு இருப்பது வெளிக்கதவு ஒன்றுதான். அது அந்தப் பதினான்கு படிகளின் தலைமாட்டில் திறக்கிறது. மழைக்கு ஒதுங்க ஓர் ஓடு கூட இல்லை.

"கக்கூஸ் உள்ளுக்கு ஈக்கி. மனிசன்தான் வெளிய போகணும்" என்றார் பாயிஸ்.

4 செப்டம்பர், ஞாயிறு

குமாரி காலையில் வந்தாள். வயிறு தெரிகிறது. முகத்தில் நல்ல களை. பாப்பம்மா அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தொடப் பயந்ததுபோல.

புதிய குளியலறையைப் போய்ப் பார்த்தாள். வெளிக்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு படிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழகா இருக்குப்பா" என்றாள். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு மேசையில் அவளுடைய தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. ஆறு வருஷமாக அவள் இங்கே தேத்தண்ணி குடிப்பதில்லை. வாய்வு என்பாள். "கலகெதரயில மட்டும் வாய்வு வர்றதில்லயோ" என்று நான் கூடக் கேலி செய்திருக்கிறேன்.

இன்றைக்குத்தான் புரிந்தது. தேத்தண்ணி குடித்தால் படி இறங்க வேண்டியிருக்கும்.

முப்பத்து நான்கு வருஷம் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்துப் பார்த்த கண் எனக்கு.

9 செப்டம்பர், வெள்ளி

பாப்பம்மா பூசைக்குப் போனாள். நான் சாமான் அறைக்குப் போனேன். மூலையிலிருந்த பழைய அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கொண்டுவந்தேன். தள்ளி முடித்து உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பிறகு அலுமாரிக்குப் பின்னால் புகுந்து, ஒரு சாப்பாட்டுக் கரண்டியால் சுவரைச் சுரண்டினேன்.

ஏன் செய்தேன்? தெரியாது. ஒரு செங்கல்லை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எதைப் பார்க்க?

பூச்சு உதிர்ந்தது. தலைக்கு மேலே ஒரு பலாமரச் சட்டம் தெரிந்தது. அதன் இரண்டு முனையிலும் கீழ்நோக்கி நேர்க்கோடாகப் பிளவு. அகலம் இரண்டடி ஏழங்குலம்.

வாசல். இங்கே முன்பே ஒரு வாசல் இருந்திருக்கிறது! நான் பிறப்பதற்கு முன் யாரோ அரைச் செங்கல் கனத்தில், களிமண் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒரு செங்கல் கையோடு வந்தது. இந்தச் சுவரைப் பன்னிரண்டு முறை அளந்தேன். ஒரு முறையாவது தட்டிப் பார்த்திருக்கலாம்.

10 செப்டம்பர், சனி

பாயிஸுக்கு போன் பண்ணி, ரகசியக் குரலில் கேட்டேன்.

"அப்ப அது செவரில்ல ஐயா, மூடின வாசல். மேலருந்து ஒவ்வொண்டா எடுங்க. கீழருந்து எடுத்தா நீங்களும் சேந்து போயிருவீங்க."

பாப்பம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் கூடாது என்பாள். ஒரு முறை கூடாது என்று அவள் சொல்லிவிட்ட பிறகு செய்தால் அது வேறு விஷயம். சொல்லாமல் செய்தால்? அதுவும் வேறு விஷயம்தான். எது மோசம் என்று ஒரு பட்டியல் போட்டேன். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. கிழித்துவிட்டேன்.

16 செப்டம்பர், வெள்ளி

ஐந்து செங்கல். மொத்தம் ஆறு. சாக்கில் போட்டு அலுமாரிக்குள் அடுக்கினேன். தூளைக் குடைக்குள் கொட்டி, குடையை மடக்கி எடுத்துப்போய் வாழை மரத்தடியில் விரித்தேன். நல்லம்மா வேலியில்.

"மழையே இல்லையே அண்ணே?"

"வரும்போலத் தெரிஞ்சிச்சு."

நடு அறைப் பக்கத்துப் பூச்சை நான் தொடவில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் சுவர் சுவராகவே இருக்கிறது. காலண்டரும் தொங்குகிறது.

20 செப்டம்பர், செவ்வாய்

இப்போது பாப்பம்மா செவ்வாய்க்கிழமையும் கோயிலுக்குப் போகிறாள். மகளுக்காக வேண்டுதலாம். நல்லது. எட்டு செங்கல். மொத்தம் பதினான்கு. முதுகு பிடித்துக்கொண்டது.

23 செப்டம்பர், வெள்ளி

ஒன்பது. மொத்தம் இருபத்து மூன்று.

27 செப்டம்பர், செவ்வாய்

ஒரு குழப்பம். இன்றைக்கு எடுக்கத் தொடங்குமுன் அலுமாரிக்குள் எண்ணினேன். முப்பத்தொன்று இருக்கிறது. இருபத்து மூன்றுதான் இருக்க வேண்டும். இந்தக் குறிப்பேட்டைப் புரட்டிக் கூட்டினேன். ஒன்று, ஐந்து, எட்டு, ஒன்பது. இருபத்து மூன்றேதான்.

மறதி நோய் இப்படித்தான் தொடங்குமாம். எட்டு செங்கல்லைப் பெயர்த்து அடுக்கிவிட்டு மறந்துபோவேனா? குளிசைப் பெட்டியை மறுபடி எண்ணினேன். அது சரியாக இருக்கிறது.

இன்று ஒன்றும் எடுக்கவில்லை. பயமாக இருந்தது.

30 செப்டம்பர், வெள்ளி

இன்று முப்பத்தொன்பது. நான் தொடவே இல்லை.

சாக்கின் மேல் ஒரு கொண்டை ஊசி கிடந்தது.

மத்தியானம் பாப்பம்மா சோறு போட்டாள். நகக்கண்ணில் சிவப்பு மண். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"இன்னிக்குக் கோயில்ல கூட்டமா?" என்றேன்.

"பேசாம சாப்பிடுங்க."

"இல்ல, நான் என்ன கேக்குறேன்னா..."

"பேசினாத்தான் குத்தம். பேசாம சாப்பிடுங்கன்னு சொல்றேன்ல."

பேசாமல் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. யோசித்துப் பார்த்தால், மூன்று வாரமாக என் பனியன்களில் செம்மண் இருந்திருக்கும். யார் துவைத்தது? ஒரு நாளாவது என்ன இது என்று கேட்டாளா? கோயிலுக்குப் போகிறேன் என்று எனக்கு இடம் விட்டவள், நான் மார்க்கெட்டுக்குப் போகும்போது தன் பங்கைச் செய்திருக்கிறாள். சாமிக்குக் கேட்காதபடி எப்படிச் செய்வது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. நாற்பத்து மூன்று வருஷக் கலியாணத்தில் இப்படி ஓர் ஒற்றுமை வந்ததில்லை.

4 அக்டோபர், செவ்வாய்

ஐம்பத்தெட்டு. எண்ணுவதோடு சரி. யார் எத்தனை என்று இப்போது பிரித்து எழுதுவதில்லை.

7 அக்டோபர், வெள்ளி

நடந்தது நடந்தபடி.

முழங்கால் உயரத்துக்கு மேலே செங்கல் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துப் பூச்சு மட்டும் அப்பளம்போல் நிற்கிறது, காலண்டரைச் சுமந்துகொண்டு. அதை எப்படிக் கழற்றுவது என்று எனக்கும் தெரியவில்லை, பாப்பம்மாவுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லவும் முடியவில்லை.

காலை பத்து மணிக்கு நல்லம்மா வந்தாள். பாப்பம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

"குமாரிய எப்ப கூட்டிட்டு வரப்போறீங்க? நல்ல நாளு பாத்தீங்களா? இந்த மனுஷன் எங்க பாத்திருக்கப் போறாரு." இப்படிச் சொல்லிக்கொண்டே காலண்டர் பக்கம் போனாள். நான் எழுந்தேன். "நல்லம்மா, கொஞ்சம்..." என்றேன். என் குரல் அவசரத்துக்கு வெளியே வந்த சரித்திரமே இல்லை.

"இந்தா, பதினாறாந் தேதி" என்று நாளின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

விரல் உள்ளே போயிற்று. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. அவள் பயந்து கையை இழுத்ததும், பூச்சு மொத்தமும் ஒரு பெருமூச்சோடு இறங்கியது. காலண்டர் விழுந்தது, ஆணியோடு. தூசி அடங்கியபோது நல்லம்மா மாவில் புரண்ட பணியாரம்போல் நின்றாள். அவளுக்கு எதிரே அலுமாரியின் முதுகு. பக்கத்து இடைவெளியில் வெள்ளை வெளேரென்று கொமட்.

நான் வாயைத் திறந்தேன். பாப்பம்மா முந்திக்கொண்டாள்.

"ஐயையோ! நல்லம்மாக்கா! மாசமா இருக்கற புள்ள வர்ற வீட்டு செவர இப்படி ஒடைச்சிப்புட்டீங்களே!"

"நானா? நான் வெரலத்தானே வச்சேன்!"

"நாங்க ஒரு ஆணி கூட அடிக்காம பொத்திப் பொத்தி வச்சிருந்தோமே!"

"சத்தியமா பாப்பம்மா, தொட்டதோட சரி! நீங்களே சொல்லுங்கண்ணே!"

என்னைப் பார்த்தாள். எழுபத்தொரு வருஷமாக நான் உண்மை பேசி வருகிறேன், பெரும்பாலும் பயத்தினால்.

"பழைய வீடுதானே நல்லம்மா. விடுங்க" என்றேன், மன்னிக்கிற குரலில்.

நல்லம்மா தலையைக் கூடத் துடைக்காமல் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது.

8 அக்டோபர், சனி

பாயிஸ் வந்து இடிபாட்டையும் அடியில் மிச்சமிருந்த செங்கல்லையும் அள்ளினார். மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் நூறு வருஷம் நிக்கும். ஐயா, இத ஒடச்சது யாரு?"

"பக்கத்து வீட்டு அம்மா."

"வெரலால?"

"வெரலால."

"மாஷா அல்லாஹ்" என்றார்.

வாசக்கால் வைக்கக்கூடாது என்பதில் பாப்பம்மா இன்னும் அசையவில்லை. கேட்டால், திறந்துகொண்டது வேறு, வைப்பது வேறு என்கிறாள். பிள்ளை பிறக்கும்வரை திரைச்சீலைதான். சட்டத்தில் ஏற்கெனவே பழைய ஆணி இரண்டு இருந்தது.

பின்னேரம் தூசி கூட்டிக்கொண்டிருந்தோம். காலண்டர் ஆணி அகப்பட்டது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதற்காகவோ, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, "நான் அன்னைக்கு இத அடிச்சிருக்கக்கூடாது" என்றேன்.

பாப்பம்மா விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "ஆணியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவ விழுந்த அன்னைக்குக் காலையில அந்தப் படியில ஒக்காந்து துணி தொவைச்சது நானு. சோப்புத் தண்ணிய சரியா கழுவி விட்டேனா இல்லியான்னு... இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்லீங்க."

கூட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டிய இடத்தையே.

ஆறு வருஷம் நான் ஆணியோடும் வரைபடத்தோடும் படுத்தேன். பக்கத்தில் அவள் சோப்போடு. ஒரே கட்டில்.

முறத்தை எடுத்துக் குனிந்து பிடித்தேன். அதற்குள் அள்ளினாள்.

16 அக்டோபர், ஞாயிறு

குமாரி வந்துவிட்டாள். ஒரு பெட்டி, இரண்டு தலையணை. மருமகன் பெட்டியை வைத்துவிட்டு வாசலை மேலும் கீழும் பார்த்தார். அவரிடமும் நல்லம்மாவின் விரலைச் சொன்னோம். சிரித்தார். நம்பினாரா தெரியாது.

குமாரி திரையை விலக்கி உள்ளே போனாள், வந்தாள், மறுபடி போனாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, தேத்தண்ணி இருக்கா?"

பாப்பம்மா பெரிய கோப்பையில் கொண்டுவந்தாள். முழுவதும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். விளம்பரப் பக்கம். அரை மணி நேரம் படித்தேன்.

29 அக்டோபர், சனி

திரைச்சீலைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. இப்போது நான் எங்கே இருந்தாலும் உள்ளே இருப்பதாக நினைக்கிறார்கள்.

6 டிசம்பர், செவ்வாய்

பெண். இரண்டு கிலோ எண்ணூறு. அதிகாலை ஐந்து பத்துக்கு. தாயும் பிள்ளையும் சுகம்.

உதடு, காது, விரல்கள், எல்லாம் சரியாக இருக்கின்றன. நானே எண்ணினேன். பாப்பம்மாவும் எண்ணினாள், நான் எண்ணியது அவளுக்குப் போதவில்லை.

8 ஜனவரி 2012, ஞாயிறு

காலையிலிருந்து மழை. குளிசை எடுத்தேன்.

பாயிஸ் போன வாரம் கதவு போட்டுவிட்டார். பயனில்லை. குளியலறையில் ஒரு வாளி நாப்கின், பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசின், கயிற்றில் ஏழு சட்டை. எப்போது போனாலும் உள்ளே ஒருத்தி இருக்கிறாள். இன்று கதவைத் தட்டினேன். "புள்ளைக்குத் தண்ணி ஊத்துறேன், ஒரு மணி நேரமாகும்" என்றாள் பாப்பம்மா. துணைக்கு நல்லம்மாவின் குரலும் கேட்டது. அவள்தான் இப்போது மருத்துவச்சி மாதிரி. "வாசலத் தொறந்தவ நானு" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறாளாம்.

எனக்கு ஒரு மணி நேரம் தாங்காது. குடையை எடுத்துக்கொண்டு பழைய கக்கூஸுக்குப் புறப்பட்டேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரு குளியலறைக்குப் படம் கீறியவன் நான் ஒருவன்தான். இந்த வீட்டில் இன்னும் வெளியே போகிறவனும் நான் ஒருவன்தான்.

படிகளில் பாசி. மெல்ல இறங்கினேன். மூன்று, நான்கு. சமையலறை ஜன்னல் திறந்தது. குமாரி, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு.

"அப்பா! மெதுவா போங்க. ஏழாவது படி சறுக்கும்."

எந்தப் படி என்று அவள் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. நான் ஏழாவதில் இரண்டு காலையும் வைத்து நின்றேன்.

"இதுவா?"

"அதான். நின்னுக்கிட்டு இருக்காதீங்க, நனையிறீங்க."

திரும்பி வந்து ஈரத்தைத் துடைத்தபின் பழைய வரைபடங்களை எடுத்து விரித்தேன். பன்னிரண்டிலும் பதினான்கு படிகளும் இருக்கின்றன, அளவோடு. எதற்கும் நான் எண் போட்டிருக்கவில்லை. பென்சிலைச் சீவி, கடைசிப் படத்தில் மேலிருந்து எண் போட்டேன். ஏழாவதில் 'இங்கே கைப்பிடி' என்று எழுதினேன்.

நாளைக் காலை பாயிஸை வரச்சொல்லியிருக்கிறேன். படத்தைக் காட்டப்போவதில்லை, படியைக் காட்டினால் போதும்.